வீடு மாற்றம்: வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: அடுத்த வாரம் வீடு மாறுகிறோம். முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் இரண்டுக்கும் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1: மெஷினில்தான் கவனம் தேவை. டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. வண்டி குலுங்கினால் ஷாக் அப்சார்பர் போய்விடும். வாங்கியபோது பின்புறம் கழற்றிய டிரான்சிட் போல்ட்டுகளை (பயணத்தில் டிரம்மை அசையாமல் பிடிப்பவை) திரும்ப மாட்டுங்கள். கீழே இருக்கும் ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். தட்டையான தட்டும் துணியும் கையில் இருக்கட்டும், நினைப்பதைவிட அதிகமாகவே வரும். புது வீட்டில் போல்ட்டைக் கழற்றாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

பதில் 2: ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, உருகவிட்டுத் துடையுங்கள். நிற்கவைத்தே ஏற்றுங்கள். படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். அப்படி நேர்ந்தால் 24 மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போடுங்கள்.

கேட்டவர்: போல்ட்டைக் காணோமே?

பதில் 1: மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், இன்றே.