எஞ்சுநிறம்: ‘செலக்டிவ் கலர்’ என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். படத்திருத்தச் செயலிக்கான நம் சொற்பட்டியலில் ‘செலக்டிவ் கலர்’ மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: தெரிவு நிறம், தேர்வு வண்ணம், பகுதி வண்ணம், வண்ணத் தெறிப்பு. நான்கையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு படத்தைத் திருத்த உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று சொன்னால்தான் என் பரிந்துரை ஏன் வேறு பக்கம் போகிறது என்பது விளங்கும்.

அதற்கு முன் ஒரு சிக்கலைப் பிரித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இந்த ஒரு பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, ஃபோட்டோஷாப்பில் இதே பெயரில் இருக்கும் திருத்தக் கருவி. அது அச்சுத்தொழிலில் இருந்து வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான், நீலம், மஜெந்தா, வெள்ளை, நடுநிலை, கறுப்பு என்று படத்தின் நிறங்களை ஒன்பது கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் நான்கு அச்சு மைகளின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் விடுகிறது. வானத்தின் நீலத்தில் கொஞ்சம் மஜெந்தாவைக் குறைக்கலாம். அதனால் முகத்தின் நிறம் கெடாது. இரண்டாவது, நம்மில் பலரும் ஆசையாகச் செய்து பார்ப்பது: படம் முழுவதும் கறுப்பு வெள்ளையாக, ஒரே ஒரு பொருள் மட்டும் நிறத்தோடு.

இந்த இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் செயலியில் எதைத் தட்டுவது என்று பயனர் தடுமாறுவார். ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தை நாமும் சுமக்கத் தேவையில்லை. முதலாவதற்கு ‘நிறவாரித் திருத்தம்’ என்று வைத்துவிடலாம். மாவட்ட வாரியாக, பாட வாரியாக என்று அன்றாடம் சொல்கிறோம். நிற வாரியாகத் திருத்துவது என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. இதில் பெரிய விவாதம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவதுதான் கடினம்.

நான் எடுத்துக்கொண்டது என் மகளின் படம். கையில் சிவப்புப் பலூன், பின்னால் அடர்ந்த செடிகள். பலூனை மட்டும் நிறத்தோடு விட நினைத்தேன். ‘தெரிவு நிறம்’ என்ற சொல் சொல்கிறபடியே, சிவப்பைத் தெரிவு செய்து மற்றவற்றை நீக்கினேன். பலூன் நின்றது. கூடவே அவளுடைய உதடும், கன்னமும், காதோரமும் சிவந்து நின்றன. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறவட்டத்தில் சிவப்பு 0 பாகையிலும் மஞ்சள் 60 பாகையிலும் இருக்கின்றன. மனிதத் தோல் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில், சிவப்பை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. நிறத்தை வைத்து வலை வீசினால் முகமும் சேர்ந்துதான் மாட்டும். கடைசியில், திருத்தம் எங்கே படலாம், எங்கே படக்கூடாது என்று குறிக்கும் மறைப்பு அடுக்கு ஒன்றைப் போட்டு, பலூனின் விளிம்பைத் தூரிகையால் சுற்றி வந்து முடித்தேன்.

ஆக, நாம் தெரிவு செய்வது நிறத்தை அல்ல, இடத்தை. ‘தெரிவு நிறம்’, ‘தேர்வு வண்ணம்’ இரண்டுமே நடக்காத ஒன்றைச் சொல்கின்றன. ‘தேர்வு’ என்றதும் பரீட்சை நினைவுக்கு வருவது தனித் தொல்லை. ‘பகுதி வண்ணம்’ பரவாயில்லை. ஆனால் அரைகுறையாக நிறமேறிய படம் என்றும் அதைப் படிக்கலாம். ‘வண்ணத் தெறிப்பு’ அழகான சொல். எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. ஆனால் தெறிப்பது வெளியிலிருந்து வந்து விழுவது. இங்கே எதுவும் வந்து விழவில்லை. பலூனின் நிறம் எடுத்தபோதே அங்கே இருந்தது. நாம் அதைத் தொடவில்லை. தொட்டதெல்லாம் மற்ற இடங்களை.

இதைக் கண்டுபிடித்தது நானல்ல, என் அம்மா. முடிந்த படத்தைக் காட்டியதும் அவர் கேட்டது: “மத்த நிறமெல்லாம் எங்க போச்சு? பலூன்ல மட்டுந்தான் மிஞ்சியிருக்கு.” எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மற்ற இடத்தில் போய்விட்டது, இங்கே மிஞ்சியிருக்கிறது. ஆங்கிலப் பெயர் தெரியாத ஒருவர் படத்தை மட்டும் பார்த்துச் சொன்ன வினை அது.

‘மிஞ்சுநிறம்’ என்றே வைக்கலாமா என்று யோசித்தேன். ‘மிஞ்சு’ என்பதற்கு அளவு மீறுவது என்ற பொருளும் இருப்பதால், நிறம் தூக்கலாகிவிட்ட படம் என்று எண்ண இடமுண்டு. ‘எச்சநிறம்’ வேண்டவே வேண்டாம்; பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் நல்ல சொல்தான், ஆனால் பேச்சில் எச்சம் என்றால் பறவை நினைவுதான் வரும். அதனால் எஞ்சுநிறம்.

இது வினைத்தொகை. குடிநீர், எரிபொருள் போல. எஞ்சிய நிறம், எஞ்சுகின்ற நிறம், எஞ்சும் நிறம் என மூன்று காலமும் உள்ளே அடங்கும். அது இந்த வேலைக்குப் பொருந்தியும் வருகிறது. மறைப்பு அடுக்கில் செய்த திருத்தம் நிரந்தரமானதல்ல. நாளைக்குத் தூரிகையை எடுத்து வேறொரு இடத்தில் நிறத்தை எஞ்சவிடலாம்.

இனி ஒரு நண்பரின் கேள்வி:

> நிறத்தை நீக்குவதுதான் வேலை என்றால் ‘நிறநீக்கம்’ என்று சொன்னால் போதாதா?

போதாது. முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளை ஆக்குவதும் நிறநீக்கம்தான். எஞ்சிய இடம் என்ன வேலை செய்கிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை. என் படத்தையே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கறுப்பு வெள்ளையாக்கும் பழைய, பரவலான சூத்திரம் ஒன்று சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டுகிறது. நம் கண் பச்சையை அதிக வெளிச்சமாக உணர்வதால் பச்சைக்குப் பங்கு அதிகம். ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரை. பலூனில் ஓரிடத்தில் சிவப்பு 230, பச்சை 40, நீலம் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் ஏறத்தாழ 96. பக்கத்து இலையில் 60, 120, 40. அது ஏறத்தாழ 93. கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல்தான். முழுவதும் நிறம் நீக்கினால் பலூன் செடிக்குள் கரைந்துபோகும். எஞ்சிய நிறம் மட்டுமே அதைத் தனியே தூக்கிக் காட்டுகிறது. பெயர் அந்த எஞ்சலுக்குத்தான் கிடைக்க வேண்டும்.

அப்புறம், நிறமா வண்ணமா என்ற பழைய கேள்வி. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் காதுக்கு இலையின் நிறம் என்பது இயல்பாக வருகிறது. சுவருக்கு வண்ணம் பூசினார்கள் என்பதும் அப்படியே. பொருளோடு பிறந்ததற்கு நிறம், மேலே ஏற்றியதற்கு வண்ணம் என்று ஒரு மெல்லிய சாய்வு வழக்கில் இருக்கிறது. இந்தச் சாய்வை நாம் பயன்படுத்திக்கொண்டால் இன்னொரு சொல்லும் கிடைக்கிறது.

கறுப்பு வெள்ளையில் எடுத்த பழைய படத்துக்கு நாமாக நிறம் கொடுப்பது புதிதல்ல. 1839இல், உலோகத் தகட்டில் படம் பதிக்கும் தொடக்ககால முறையான டாகெரோடைப் அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே கன்னத்தில் நிறத்தூளும் நகையில் பொன்னிறமும் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். இப்போது அதை மென்பொருள் நொடியில் செய்கிறது. அதில் கன்னத்தை மட்டும் நிறமாக்கி நிறுத்தினால், பார்வைக்கு எஞ்சுநிறம் போலவே இருக்கும். ஆனால் அந்த நிறத்தைக் கேமரா பார்த்ததில்லை. அதை ஏற்றுவண்ணம் என்று அழைப்போம். சாயம் ஏற்றுவது என்கிறோமே, அதே ஏற்றல்.

இந்த வேறுபாட்டில் எனக்கு உண்மையாகவே அக்கறை இருக்கிறது. என் பாட்டியின் ஒரே படத்தில் அவர் உடைக்கு நீலம் ஏற்றி உறவினர்களுக்கு அனுப்பினேன். சில மாதம் கழித்து ஒரு தங்கை, “பாட்டிக்கு நீலம்தான் பிடிக்கும்போல” என்றாள். அந்த உடை என்ன நிறம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் போட்ட நீலம் நினைவாகிவிட்டது. படத்தின் கீழே ‘ஏற்றுவண்ணம்’ என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அவள் அப்படி நினைத்திருக்க மாட்டாள். இரண்டு வகைப் படத்துக்கும் ஒரே பெயர் கொடுத்தால் இந்தத் தகவலைச் சொல்ல வழியே இல்லாமல் போகிறது.

பட்டியலில் மீதமுள்ள ‘எஃபெக்ட்’ பற்றி ஒரு வரி மட்டும். ‘விளைவு’ வேண்டாம், மருந்தின் பக்கவிளைவு போல ஒலிக்கிறது. ‘மெருகு’ எனக்குச் சரியாகப் படுகிறது. பொத்தானில் இடமும் குறைவாகவே பிடிக்கும்.

செயலியில் இவை எப்படி வரும் என்று எழுதிப் பார்த்தேன். மெருகுப் பட்டியலில் ‘எஞ்சுநிறம்’. அதைத் தட்டினால், ‘நிறம் எஞ்ச வேண்டிய இடத்தைத் தூரிகையால் தடவவும்’. அழிப்பானுக்கு, ‘இங்கே நிறத்தை நீக்கு’. பகிரும்போது, ‘எஞ்சுநிறப் படம்’. பேச்சில், ‘குடைக்கு மட்டும் எஞ்சுநிறம் வை’. எதிலும் நாக்கு தடுக்கவில்லை.

மறுப்பவர்கள் தங்கள் சொல்லையும் இதேபோல் நான்கைந்து வாக்கியங்களில் வைத்து எழுதுங்கள். தனிச்சொல்லாகப் பார்க்கும்போது எனக்கு எல்லாமே நன்றாகத்தான் தெரிகின்றன.

அன்புடன்