அகிலாவின் விசா: எஃப்-1 எடுப்பதா, ஜே-1 எடுப்பதா?

குழு: கொழிஞ்சாம்பாறை வீடு

அகிலா, காலை 7:42
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மண்ணியல் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்ததைச் சொல்லியிருந்தேன் அல்லவா? கல்விக் கட்டணம் இல்லை; உதவியாளர் பணிக்கு மாத ஊதியமும் பல்கலைக்கழகமே தருகிறது. மாணவர் விசாவான எஃப்-1 க்குரிய ஐ-20 படிவம் வேண்டுமா, பரிமாற்றத் திட்ட விசாவான ஜே-1 க்குரிய டிஎஸ்-2019 படிவம் வேண்டுமா என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கச் சொல்கிறார்கள். என் கணவரும் உடன் வருவதால், உங்களைக் கேட்காமல் முடிவெடுக்க மனம் வரவில்லை.

பெரியப்பா, காலை 8:05
அம்மிணி, ஜே-1 வேண்டாம். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் ஊரில் வந்து இருந்தாக வேண்டும், அதுவரை வேலை விசாவோ கிரீன் கார்டோ கிடைக்காது என்று சித்தூரில் ஒருவர் சொன்னார்.

தேவி அக்கா, காலை 8:31
பெரியப்பா, அவர் சொன்ன விதி உண்மைதான். ஆனால் எல்லோரையும் அது கட்டுப்படுத்தாது. அமெரிக்க அரசோ நம் அரசோ பணம் கொடுத்து அனுப்பினால் அது பொருந்தும்; ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் போகிறவர்களுக்கு அது உண்டு. குறிப்பிட்ட துறைகளின் திறனாளர்கள் தேவைப்படும் நாடுகள் என்று அமெரிக்கா வெளியிடும் பட்டியலில் உள்ள நாட்டினருக்கும் அந்தத் துறைகளில் அது பொருந்தும்; அதில் இந்தியா நெடுங்காலம் இருந்தது. 2024 டிசம்பர் 9 அன்று நடப்புக்கு வந்த புதிய பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே அகிலாவுக்கு வரும் பணத்தின் மூலம் எது என்பதை மட்டும் உறுதிசெய்தால் போதும்.

தேவி அக்கா, காலை 8:44
என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் எஃப்-1 இல் போனேன், உங்கள் மாப்பிள்ளை, எஃப்-1 மாணவரின் துணைவருக்கான எஃப்-2 இல் வந்தார். எஃப்-2 இல் வருகிறவர் வேலை செய்யவே கூடாது. கோயம்புத்தூரில் பதினைந்து பேருக்கு மேலாளராக இருந்தவர், நான் நூலகத்திலிருந்து வரும் பேருந்தின் நேரம் பார்த்து அடுப்பில் குக்கரை ஏற்றிக்கொண்டு இரண்டு ஆண்டுகளைக் கழித்தார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நான் ஜே-1 இல் போய், அவர் துணைவருக்கான ஜே-2 இல் வந்திருந்தால், அங்கே போய் வேலை அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கலாம்.

அகிலா, காலை 9:10
ஆனால் அக்கா, படிப்புக்குப் பிறகு எஃப்-1 இல் 12 மாதம், அறிவியல் துறை என்பதால் மேலும் 24 மாதம் வேலை பார்க்கலாமே?

தேவி அக்கா, காலை 9:22
ஆம், அந்த 36 மாதம் பெரிய பலம்தான். ஜே-1 இல் முதுநிலைக்குப் பொதுவாக அதிகபட்சம் 18 மாதம், அதற்கும் படிப்பு முடியும் முன்பே வேலைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அங்கேயே தங்கும் எண்ணமிருந்தால் எஃப்-1 எடு. நம் கரிசல் மண்ணில் வேலை செய்யத் திரும்பி வருவேன் என்று நீ சொல்லிவந்தது உறுதியென்றால், இருவரும் மரியாதையோடு வாழ ஜே-1 எடு. ஒன்று மட்டும் நினைவில் வை: ஜே-2 சம்பளத்தை உன் செலவுக்குக் கணக்குக் காட்ட முடியாது, இருவருக்கும் மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

அகிலா, காலை 9:40
திரும்பி வருவது உறுதி, அக்கா. ஊதியத்தில் அரசுப் பணம் கலந்திருக்கிறதா என்று இன்றே எழுதிக் கேட்கிறேன். இல்லை என்று பதில் வந்தால் ஜே-1 தான்.

பெரியப்பா, காலை 9:52
அப்படியானால் மாப்பிள்ளையின் விசாவுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் தேவைப்படும். நாளைக் காலையில் நானே பஞ்சாயத்து அலுவலகம் போய் வாங்கி வருகிறேன். இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் எழுத்து மாறாமல் இங்கே அனுப்பு, அம்மிணி.