கென்னடி கோப்புகளில் நீங்கிய கறுப்புப் பட்டைகள்: கொழும்பில் இருக்கும் நமக்கு அதில் என்ன?

வெள்ளவத்தை வாசகன்:
அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கொலை தொடர்பாக இதுவரை கறுப்புப் பட்டை போட்டு மறைத்து வைத்திருந்த பகுதிகளைத் திறந்து, 2025 மார்ச் 18 முதல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் கோப்புகளை வெளியிட்டது. அன்றிலிருந்து பழைய பிரதியையும் புதிய பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வருகிறேன். "வெள்ளைக்காரன் கொலையில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். வேலை இருக்கிறது. ஓர் அரசு எதை மறைத்தது, அதற்குச் சொன்ன காரணம் உண்மைதானா என்பதை மூல ஆவணத்தோடு சரிபார்க்க இப்படியொரு வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யை எப்படிச் சீரமைப்பது என்று, கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 1961 ஜூன் 30 அன்று கென்னடிக்கு எழுதிய குறிப்பில் ஒன்றரைப் பக்கம் அளவுக்கு மறைக்கப்பட்டிருந்தது. இப்போது திறந்து பார்த்தால், அமெரிக்கத் தூதரகங்களின் அரசியல் பிரிவு அதிகாரிகளில் 47 வீதத்தினர் சி.ஐ.ஏ.யின் ஆட்கள் என்றும், பாரிஸ் தூதரகத்தில் மட்டும் 128 பேர் என்றும் எழுதியிருக்கிறது. கொலை நடந்தது 1963 நவம்பரில். இந்தப் பக்கத்தில் கொலையாளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் காத்தது தங்கள் வேலைமுறையைத்தான்.

கொட்டாஞ்சேனை சட்டத்தரணி:
தம்பி, என் வாதத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் கென்னடி ஆவணத் தொகுப்பில் ஏறத்தாழ 60 இலட்சம் பக்கங்கள் இருக்கின்றன. 2025இல் இவ்வளவு மறைப்பை நீக்கிய பிறகும், சுட்டவன் ஒஸ்வால்ட் என்ற முடிவைப் புரட்டிப்போட எதுவும் வரவில்லை. வந்தது என்ன? அவசர அவசரமாக வெளியிட்டதில், அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுக்களில் முன்பு வேலை செய்து இன்னும் உயிரோடிருப்பவர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் (நம் அடையாள அட்டை இலக்கம் போன்றவை) அப்படியே உலகத்துக்குத் தெரிந்தன. அங்கே அது வங்கிக் கணக்குப் பிரச்சினை. இங்கே ஒரு சாட்சியின் பெயரும் முகவரியும் அப்படி வெளியானால் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பது யார்? மறைப்பு எல்லாமே சூழ்ச்சி அல்ல. சில கறுப்புப் பட்டைகளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

இளவேனில்:
சட்டத்தரணி ஐயா, ஜொவானிடிஸ் கோப்பையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஜோர்ஜ் ஜொவானிடிஸ் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி 1963இல் மயாமியில் இருந்துகொண்டு, காஸ்ட்ரோவை எதிர்த்த கியூப மாணவர் அமைப்பு ஒன்றை வழிநடத்தியவர். அதே ஆண்டு ஓகஸ்டில் நியூ ஓர்லியன்ஸ் தெருவில் ஒஸ்வால்டோடு மோதியவர்கள் அந்த அமைப்பினர். 1978இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கொலையை மறுபடி விசாரித்தபோது, குழுவுக்குக் கோப்புகள் எடுத்துக் கொடுக்கும் தொடர்பாளராக சி.ஐ.ஏ. அனுப்பியதும் இவரைத்தான்! 1963இல் அவர் செய்த வேலையைக் குழுவிடம் சொல்லவே இல்லை. அவர் பயன்படுத்திய புனைபெயரைக் காட்டும் தாள் 2025 ஜூலையில்தான் வெளிவந்தது. இதில் எந்தச் சாட்சியின் உயிர் காப்பாற்றப்பட்டது?

கொட்டாஞ்சேனை சட்டத்தரணி:
அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அது விசாரணையையே ஏமாற்றிய செயல். அதை வைத்து எல்லாவற்றையும் திற என்பதைத்தான் மறுக்கிறேன்.

வெள்ளவத்தை வாசகன்:
எல்லாவற்றையும் திற என்று நான் கேட்கவில்லை ஐயா. கென்னடி கொலை ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குள் திறக்கச் சொன்ன 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அங்கே செய்ததைப் பாருங்கள். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 104 என்று தொடங்கினால் சி.ஐ.ஏ.யுடையது, 124 என்றால் உள்நாட்டுப் புலனாய்வு நிறுவனமான எப்.பி.ஐ.யுடையது. எந்த நிறுவனம், எந்தத் திகதி, எத்தனை பக்கம், முழுதாகத் தடுத்ததா, பகுதியாகத் தடுத்ததா என்பதெல்லாம் பதிவாகியது. பட்டியல் இருந்ததால்தான் 2017 ஒக்டோபரில் 25 ஆண்டுக் கெடு முடிந்தபோது, "இன்ன எண் எங்கே?" என்று மக்களால் கேட்க முடிந்தது. ஜனாதிபதிகள் அதன் பிறகும் தள்ளிப்போட்டார்கள். ஆனால் எதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நமக்கு என்ன இருக்கிறது? 2005 ஓகஸ்டில் அப்போதைய வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நத்தார் ஆராதனையில், மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள் வைத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டார்கள். இரண்டு கொலைகளும் ஜனாதிபதி நியமித்த உடலாகம ஆணைக்குழுவின் விசாரணைப் பட்டியலில் இருந்தன. 2009இல் கையளித்த அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது 2015 ஒக்டோபரில். நாரஹேன்பிட்டவில் 2006 நவம்பர் 10 அன்று பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து ஜூரிகளின் தீர்ப்போடு குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். இந்தக் கொலைகள் பற்றி அரசிடம் எத்தனை கோப்புகள் இருக்கின்றன, அவை எந்தத் திணைக்களத்தில் இருக்கின்றன என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? எது இருக்கிறது என்றே தெரியாதவன் எதைத் திறக்கச் சொல்லிக் கேட்பான்?

கொட்டாஞ்சேனை சட்டத்தரணி:
கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆனால் பிரிவு 5ஐப் படியுங்கள். தேசிய பாதுகாப்பு, குற்றப் புலனாய்வு என்று மறுப்பதற்கு வழிகள் உண்டு. பட்டியலும் பாதுகாப்பானதல்ல. "இன்னாரின் வாக்குமூலம்" என்று ஒரு தலைப்பு வந்தாலே போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இளவேனில்:
அதே சட்டத்தின் பிரிவு 6ஐயும் சொல்லுங்கள் ஐயா. மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மிச்சத்தைக் கொடுக்கலாம். பொதுநலன் மேலோங்கினால் விலக்கே செல்லாது என்று பிரிவு 5இலேயே இருக்கிறது. மறுத்தால் முதலில் அந்தத் திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அடுத்துத் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

வெள்ளவத்தை வாசகன்:
விண்ணப்பத்தில் நான் கேட்கப்போவது இவ்வளவுதான்: "இந்த மூன்று கொலைகள் தொடர்பாக உங்கள் திணைக்களத்தில் உள்ள ஒவ்வொரு கோப்பின் இலக்கம், திறந்த திகதி, பக்க எண்ணிக்கை. தர மறுக்கும் ஒவ்வொன்றுக்கும் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறீர்கள் என்ற விபரம்." தலைப்பைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனை சட்டத்தரணி:
வாக்குமூலக் கோப்புகளை முழுதாக விலக்கிவிட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் அதைச் சாட்டாக வைத்து மொத்தத்தையும் மறுப்பார்கள்.

வெள்ளவத்தை வாசகன்:
விலக்க மாட்டேன் ஐயா. நானே விலக்கிவிட்டால் அவை இருந்ததற்கே பதிவு இல்லாமல் போய்விடும். மறுக்கட்டும், எழுத்தில் மறுக்கட்டும். அந்தக் கடிதத்தோடு முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும் பிறகு ஆணைக்குழுவுக்கும் போகிறேன். மேன்முறையீட்டை எழுத உங்கள் உதவி வேண்டும்.