மறு: ‘கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை’ – வேறு சொல் கிடைக்குமா?

நண்பர்களே,

சட்டம் வைத்த அளவுக்குக் கீழே நீதிபதி இறங்க முடியாத தண்டனையை ஆங்கிலத்தில் ‘mandatory minimum sentence’ என்பார்கள். அதற்குத் தமிழாகக் கூடலூர் வழக்கறிஞர் அக்கா முன்வைத்த ‘கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை’ அகராதியில் நிற்கும், கோர்ட்டில் நிற்காது. ஊட்டி நீதிமன்றத்தில் பல வருடம் தீர்ப்பு தட்டச்சு செய்தவன் சொல்கிறேன். தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்பார். கூண்டில் நிற்பவர் ஸ்வெட்டர் நுனியைத் திருகிக்கொண்டே, “குடும்பம் இருக்குங்க ஐயா, கொறச்சுப் போடுங்க” என்பார். அது ‘குறைந்தபட்சத் தண்டனை வழங்குமாறு கோரினார்’ என்று தீர்ப்பில் ஏறும். அங்கே குறைந்தபட்சம் என்றால் கருணை. முதுமலைச் சரணாலயத்துக்குள் வேட்டையாடிய வழக்கிலோ குறைந்தபட்சம் 3 ஆண்டு. நீதிபதியே நினைத்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. இரண்டுக்கும் ஒரே சொல்லா?

‘கட்டாயம்’ இன்னும் மோசம். எந்தத் தண்டனையை யார் விரும்பி ஏற்றார்கள்? இங்கே கட்டுப்படுவது நீதிபதி.

சட்டத்தமிழில் ‘மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத’ என்றுதான் எழுதுகிறோம். அதிலிருந்தே ‘குறையாத் தண்டனை’ என்று எடுக்கலாம். கூட்டவும் குறைக்கவும் வழியே இல்லாததை ‘மாறாத் தண்டனை’ என்போம். ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்குத்தான் என்ற, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு அந்த வகை. 1983இல் மித்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது.

மறுபடி மாட்டுகிறவர்களுக்கு வருவோம். வணிக அளவு, அதாவது 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் 10 ஆண்டுக்குக் குறையாது. தண்டனை பெற்றவர் அதே அளவோடு திரும்பச் சிக்கினால் அது 15. இவரை ‘வழக்கக் குற்றவாளி’ (habitual offender) என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்த பிறகும் அந்த வாடையைச் சுமந்து வந்த சொல் அது. ‘மறுமுறைக் குற்றவாளி’ எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. (‘known depredator’ என்பதற்கு ஸ்டேஷன் பதிவேட்டின் சுருக்கெழுத்தான ‘கேடி’ கடைசியில் வசவாகிப் போனதே!)

அப்புறம், மூன்றாம் முறை சிக்கினால் கடுந்தண்டனை என்ற கலிஃபோர்னியாவின் 1994ஆம் வருட ‘three strikes’ சட்டத்துக்கு ‘மூன்றடிச் சட்டம்’ வேண்டாம். மகாபலி தலையில் வாமனன் கால் வைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயர் வந்த பேஸ்பாலில் ‘ஸ்ட்ரைக்’ என்பது பெரும்பாலும் அடிக்காமல் விட்ட பந்துக்கான கணக்கு. மூன்று கோல்ஃப் மட்டை திருடியவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை என்றதை 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்று ஒப்பியதும் இந்தச் சட்டத்தின்கீழ்தான். ‘மும்முறைச் சட்டம்’ போதும்.

– உதகையிலிருந்து

---

ஐயா, ‘குறையாத் தண்டனை’யைக் கோத்தகிரி டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன். “நன்னடத்தைக்குக்கூட நாள் கழிக்க மாட்டாங்களா?” என்று கேட்கிறார்கள். ‘கீழ்வரம்புத் தண்டனை’ என்றதும் புரிந்துகொண்டார்கள்.

– கோத்தகிரியிலிருந்து

---

தண்டனைக் கழிவு எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. சரி, கீழ்வரம்பே இருக்கட்டும். ‘மாறாத் தண்டனை’யை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.