ஸ்ப்ரே அடிக்காமல் கரித்துண்டு ஓவியத்தைக் காப்பாற்ற முடியுமா?

கல்லூரியில் ஓவியமும் போதை மீட்பு ஆலோசனையும் சேர்த்துப் படிக்கிறேன். களப்பயிற்சிக்காக ஒரு மறுவாழ்வு மையத்தில் வாராவாரம் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களுக்குக் கரித்துண்டு என்றால் உயிர். பென்சிலைத் தொடுவதே இல்லை. ஆனால் வரைந்தது நிற்க மாட்டேன் என்கிறது. தாள்களை அடுக்கி எடுத்தால், வரைந்த முகத்தின் நிழல் பாதி மேல்தாளின் முதுகில் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது.

கரியைத் தாளில் ஒட்டி நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேக்கு அங்கே தடை. அதில் ஆல்கஹால், அசிட்டோன், பியூட்டேன் மாதிரி ஏதாவது இருக்கும். முகர்ந்து போதை ஏற்றிய பழக்கம் உள்ளவர்களும் குழுவில் இருக்கிறார்கள். தடை நியாயமானதுதான். ஹேர் ஸ்ப்ரேயும் அதே கதை. படங்களை வெளியே எடுத்துவந்து அடிக்கவும் அனுமதி இல்லை.

நடுவில் பட்டர் பேப்பர் வைத்துப் பார்த்தேன். தாள் அடுக்கை நகர்த்தினால் தேய்கிறது. வான்கோ பென்சில் ஓவியங்களுக்குப் பால் பூசியவர் என்பதால், கொழுப்பு நீக்கிய பாலில் தண்ணீர் கலந்து கைத்தெளிப்பானால் அடித்தேன். கரி ஓரளவு பிடித்தது. ஆனால் பெரிய துளி விழுந்த இடமெல்லாம் வட்டக் கறை, தாளும் நெளிந்துவிட்டது. அப்புறம் அழுத்திய கரிக்கு (கரித்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த குச்சி) மாறினோம். உதிர்வது குறைந்தது, ஆனால் சரியாக அழிக்க வரவில்லை. அழித்து அழித்து வரைவதில்தான் அவர்களுக்கு ருசியே.

விவரம்: வில்லோ மரக்குச்சிக் கரி, 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் (ஓவியத் தாள்), ஏ3 அளவு. அடுத்த மாதம் மையத்துக்குள்ளேயே கண்காட்சி. கண்ணாடிச் சட்டம் கூடாது.

ஆல்கஹாலும் அழுத்தக் குப்பியும் இல்லாமல், தாள் நெளியாமல் கரியைப் பிடித்து நிறுத்த நீங்கள் கையாண்ட முறை எது?