வளவு வீட்டுச் சொந்தங்கள் (குடும்பக் குழு): அப்பத்தா கொட்டான் (ஓலைக்கூடை) முடையும் குறும்படம்

சோமு: படத்தொகுப்பு முடிந்துவிட்டது. கடவுச்சொல்லோடு இணைப்பு அனுப்பியிருக்கிறேன், எல்லாரும் பாருங்கள். 17 நிமிடம்.

பெரியப்பச்சி: பார்த்தேன் அப்பு. ஈரத்துணியில் சுற்றிய ஓலையை ஆத்தா நகத்தால் கீறும் இடத்தில் கண் நிறைந்துவிட்டது. இன்றைக்கே யூடியூபில் போடு, ஊரே பார்க்கட்டும்.

மீனாள் ஆச்சி: கொஞ்சம் பொறுங்கள் பெரியப்பச்சி. இணையத்தில் வெளியான படத்தைப் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்கு அனுப்ப முடியாது. வேறு சில விழாக்களும் முதல் திரையிடல் தங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று கேட்கும்.

சோமு: கானுக்கு நீளமும் இடிக்கிறது ஆச்சி. பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும்.

பெரியப்பச்சி: இரண்டு நிமிடம்தானே, வெட்டிவிடு.

மீனாள் ஆச்சி: எதை வெட்டுவது? கொட்டானின் அடிப்பாகத்தை அப்பத்தா நிதானமாக முடைகிறாரே, அதுதான் படத்தின் உயிர். அவசரப்படுத்தினால் எல்லாம் போயிற்று. சோமு, படத்துக்குத் தகுந்த விழாவைத் தேடு. ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் விழா 1954 முதல் குறும்படங்களுக்கென்றே நடக்கிறது. பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான் விழாவும் குறும்படங்களுக்கானதுதான். பக்கத்தில் திருவனந்தபுரத்திலேயே கேரளச் சலச்சித்திர அகாடமி ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. மூன்றின் விதிகளையும் முதலில் முழுதாகப் படி.

அலமு, சிங்கப்பூர்: ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு ஓடுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மீனாள் ஆச்சி: என் கவலையே அதுதான் அலமு. உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இசை உட்பட எல்லா உரிமையும் நம்மிடம் இருக்கிறது என்று விண்ணப்பத்தில் உறுதி கொடுக்கிறோம், அதில் பொய் கூடாது.

சோமு: அப்பத்தாவின் பேச்சும் பாட்டும் ஒன்றாகப் பதிவாகியிருக்கின்றன. பிரிக்க வராது.

பெரியப்பச்சி: அந்த இடத்தில் ஆத்தாவையே பாடச் சொல்லேன். எங்களையெல்லாம் தொட்டிலில் போட்டுப் பாடிய தாலாட்டு, வழிவழியாக வந்தது. யாரிடம் போய் அனுமதி கேட்க வேண்டும்?

மீனாள் ஆச்சி: பெரியப்பச்சி, ரேடியோவைவிட இது நூறு மடங்கு மேல்!

சோமு: உடனே பதிவு செய்துவிடுகிறேன். ஆங்கில வசன வரிகளை அதற்குப் பிறகு முடிக்கிறேன்.

மீனாள் ஆச்சி: வசன வரிகளைத் தனிக் கோப்பாகவும் வைத்துக்கொள். விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளம் வழியாக அனுப்பும் விழாக்களில் முதல் கெடுவுக்குள் அனுப்பினால் பெரும்பாலும் கட்டணம் குறைவு, நாள் தள்ளத் தள்ள ஏறும். ஆனால் கண்ட விழாவுக்கெல்லாம் பணத்தை இறைக்காதே. அரங்கில் திரையிடாமல் சான்றிதழ் மட்டும் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அப்பத்தாவை நாலு பேர் இருட்டில் உட்கார்ந்து பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

பெரியப்பச்சி: கட்டணம் என் பொறுப்பு.

சோமு: சனிக்கிழமை கானாடுகாத்தான் வருகிறேன். வளவில் சத்தம் அடங்கியிருக்கும் நேரம் எது பெரியப்பச்சி?

பெரியப்பச்சி: மதியம் இரண்டு மணி. ஆத்தா கண் அயர்வதற்குள் வந்துவிடு.