கலைச்சொல்: மருந்துக் குறைப்பா, கூட்டுச் சுருக்கமா?

வணக்கம் நண்பர்களே,

எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான துண்டறிக்கைகளுக்காக நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியல் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> எச்.ஐ.வி. சிகிச்சையில் மூன்று மருந்தை இரண்டாக்குவதை 'மருந்துக் குறைப்பு' என்றே சொல்லலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் வேறு மாதிரி புரிந்துவிடும் என்பதே என் கவலை. 'டாக்டர் மருந்தைக் குறைச்சுட்டார்' என்றால், 500 மில்லிகிராம் 250 ஆனது, மூன்று வேளை இரண்டு வேளை ஆனது என்றுதான் எடுத்துக்கொள்வோம். இங்கே நடப்பது அதுவல்ல.

டொலுடெக்ராவிர் 50 மி.கி., லாமிவுடின் 300, டெனோஃபோவிர் 300 ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரையை நாள்தோறும் எடுப்பவர் ஒருவர். அவரை இரண்டு மருந்துக்கு மாற்றும்போது டெனோஃபோவிர் மட்டும் விலகுகிறது. நெடுநாள் எடுத்தால் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் அது பாதிக்கும். மற்ற இரண்டும் அதே 50, அதே 300. முன்பும் நாளுக்கு ஒரு மாத்திரை, இப்போதும் ஒன்றுதான். ஆகவே இன்னொருவர் சொன்ன 'மாத்திரைக் குறைப்பு'ம் பொருந்தாது.

அளவைக் குறைப்பது தனி வழி. எஃபாவிரன்ஸ் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தை 600 மி.கி.யிலிருந்து 400 ஆக்கினாலும் பலன் குறையவில்லை என்று 2014இல் 'என்கோர்1' ஆய்வு காட்டியது. வாரத்தில் நான்கு நாள் மட்டும் மருந்து எடுப்பதைப் பிரான்சில் சோதித்திருக்கிறார்கள். அது நாள் குறைப்பு. மருந்தை விட்டுவிட்டு எடுப்பது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. அப்படி எடுத்தவர்களிடம் நோயும் இறப்பும் கூடியதை 2006இல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வு ஐயமறக் காட்டிவிட்டது. 'மருந்துக் குறைப்பு' என்று துண்டறிக்கையில் படித்த ஒருவர், தாமாகவே ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கத் தொடங்கினால்? நாம் தேடும் சொல் அந்த வாசலை அடைக்க வேண்டும்.

அதனால் 'கூட்டுச் சுருக்கம்' என்பதை முன்வைக்கிறேன். 'கூட்டு மருந்து சிகிச்சை' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். சுருங்குவது கூட்டின் உறுப்பு எண்ணிக்கை. அளவும் நாளும் அப்படியே இருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. சுருக்கினாலும் அது கூட்டாகவே இருந்தாக வேண்டும். புரோட்டியேஸ் தடுப்பி என்ற வகை எச்.ஐ.வி. மருந்து ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வைரஸ் மீண்டும் தலைதூக்குவது கூடுதலாக இருந்தது. ஒற்றை மருந்து இந்தச் சொல்லுக்குள் நுழைய இடமில்லை.

> 'எளிமையாக்கம்' நம் பட்டியலில் இருக்கிறதே?

இருக்கட்டும், அது பெரிய குடை. பல மாத்திரைகளை ஒன்றாக்குவதும் எளிமையாக்கம். தினசரி மாத்திரைக்குப் பதில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிகள் போடுவதும் எளிமையாக்கம். கூட்டுச் சுருக்கம் அதில் ஒரு வகை.

சிகிச்சையை இரண்டு மருந்தோடே தொடங்குவோரும் உண்டு. அவர்களுக்கு எதுவும் சுருங்கவில்லை. 'இருமருந்துக் கூட்டு' என்றால் போதும். 'மும்மருந்துக் கூட்டு' அதற்கு இணை.

விளக்கக் குறிப்பில் நிபந்தனையையும் சேர்த்தே எழுதுவோம்: 'ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 50க்குக் கீழே நிலைத்திருப்பவருக்கு, கூட்டிலுள்ள மருந்துகளின் எண்ணிக்கையை மருத்துவர் குறைப்பது.' மஞ்சள்காமாலை பி வைரஸ் உள்ளவருக்கு இது ஆகாது என்ற வரியை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. டெனோஃபோவிர் அந்த வைரஸையும் கட்டுப்படுத்துகிறது. அதை எடுத்துவிட்டு லாமிவுடினை மட்டும் நம்பினால் அந்த வைரஸ் லாமிவுடினுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிடலாம், கல்லீரல் கெடலாம். லாமிவுடினுக்கு எச்.ஐ.வி.யே முன்பு எதிர்ப்புக் காட்டியிருந்தாலும் மாற்றும் முன் நன்கு யோசிக்க வேண்டும்.

மருந்தால் வைரஸ் கட்டுக்குள் இருப்பதைக் குறிக்க நம் பட்டியலில் உள்ள 'வைரஸ் அடக்கம்' என்ற சொல்லையும் இதோடு பார்த்துவிடலாம். நோயாளி கையில் போகும் தாளில், இறந்தவரைப் புதைப்பதையும் குறிக்கும் 'அடக்கம்' வேண்டாம் என்று நினைக்கிறேன். 'வைரஸ் ஒடுக்கம்' சரிவருமா?